ஓய்வுநாளில் அனுப்பிய மனு

டார்க்வில் கில்லிஸுக்கு இஷ்பெல் பத்தொன்பது வருஷம் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அவர் கவுன்சிலராக இருந்தபோதும் அவள்தான். ஓர்வசே தீவின் உறுப்பினராகி எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்துக்குப் போனபோதும், போக்குவரத்து அமைச்சரானபோதும் அவள்தான். "நான் இருக்கற வரைக்கும் வெள்ளிக்கிழமைப் படகுமேல எவனும் கை வைக்க முடியாது!" என்று ஊர்க் கூடத்தில் மேஜையைத் தட்டிப் பேசினாரே, அதுவும் அவள் எழுதியதுதான். அப்புறம் தேர்தலில் தோற்றார். எட்டே மாதத்தில் படகு கம்பெனியின் தலைவர் ஆனார். உட்கார்ந்த சூட்டோடு அந்த வெள்ளிக்கிழமைப் படகை நிறுத்தப்போவதாக அறிவித்தார். மனுஷனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே!

இஷ்பெலின் மகள் மார்சலிக்குப் பதிமூன்று வயது. அக்கரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வெள்ளி சாயங்காலம் வந்து திங்கள் காலையில் போவாள். அந்தப் படகு நின்றால் பள்ளிக்கூட விடுமுறைக்குத்தான் பிள்ளையைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆட்சேபம் இருந்தால் பதினான்காம் தேதிக்குள் மெயிலில் அனுப்பலாம் என்றது கம்பெனி. பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தீவில் யாரும் எந்த வேலையும் செய்யாத ஓய்வுநாள். இஷ்பெல் வீடு வீடாக நடந்து நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினாள். கடைசிக் கையெழுத்து வெள்ளி இரவு கிடைத்தது. பரீட்சை என்று மார்சலி அந்த வாரம் வரவில்லை. மறுநாள் காலை அனுப்பலாம் என்றிருந்தாள். விடிவதற்குள் புயல் வந்து கம்பங்களைச் சாய்த்துவிட்டது. தீவு முழுக்க மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. பாழாய்ப்போன புயலுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

ஞாயிறு மதியம் தேவாலயத்திலிருந்து வந்து, முந்தின நாளே அடுப்பில் விறகு வைத்துச் சமைத்த ஆட்டிறைச்சி சூப்புக்கு உட்கார்ந்தபோது விளக்கு எரிந்தது, போனிலும் சிக்னல் வந்தது. இஷ்பெல் போனை எடுத்தாள்.

"வேணாம் இஷ்பெல், நாளைக்கு அனுப்பு" என்றான் கணவன் ஈவன்.

"நாளைக்குத் தேதி பதினஞ்சு. அந்த ஆளு தேதியைப் பிடிச்சுட்டுத் தொங்குவான்."

"ஓய்வுநாள்ல நம்ம வீட்டுல துணிகூடக் காயப் போட்டதில்ல. நான் சபை மூப்பன். ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். உன் மூப்பன் பட்டம் போய் மார்சலியைக் கூட்டிட்டு வருமா?"

ஈவன் தட்டைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நாற்பத்தாறு வருஷத்தில் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட மீறியதில்லை. தாள்களைப் படம் பிடித்தாள், அனுப்பினாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் தானியங்கிப் பதில் வந்து விழுந்தது.

'தீவு மக்களின் நம்பிக்கைக்கு மரியாதை தந்து, ஓய்வுநாளில் எங்கள் அலுவலகம் கடிதம் எதையும் பெறுவதில்லை. இன்று வருபவை திங்கட்கிழமை வந்தவையாகவே கொள்ளப்படும். டார்க்வில் கில்லிஸ், தலைவர்.'

இஷ்பெல் அதை இரண்டு முறை படித்தாள். டார்க்வில் முதன்முதலாக ஜெயித்த வருஷம், ஊரார் மனசு குளிரட்டும் என்று அவருடைய அலுவலகத்துக்காக அவளே உட்கார்ந்து எழுதிக் கொடுத்த வரிகள் இவை. மனுஷன் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

"என்ன சொல்றான்?" என்றான் ஈவன், திரும்பாமலே.

"நான் சொன்னதைத்தான் சொல்றான்" என்றாள் இஷ்பெல்.