திரும்பிப் போகும் வரிசை

எங்கள் அடுக்குமாடியில் எனக்கு அடுத்த கதவு சியூ கிம் ஆன்ட்டியுடையது. அவருடைய சன்னலில் நின்றால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் சீனர் மயானக் குன்று தெரியும். கணவர் அங்கேதான் இருக்கிறார். சாலையை அகலப்படுத்திய பிறகு நடந்து கடக்க வழியில்லை. கார் வேண்டும், வெகுதூரம் போய்ச் சுற்றி வர வேண்டும். கார் மகன் வெய் லூனிடம் இருக்கிறது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

அவனை அங்கே அனுப்பியதே ஆன்ட்டிதான். சிறு வயதிலேயே சிங்கப்பூர்ப் பள்ளியில் சேர்த்தார். விடிவதற்குள் எழுப்பி, தூக்கத்திலேயே சீருடை மாட்டி, பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, தானும் தொழிற்சாலை பஸ்ஸில் சிங்கப்பூருக்குப் போகும் அதே எல்லைப் பாலத்தைக் கடப்பார். லூன் நன்றாகப் படித்தான். வேலை, வீடு, குடியுரிமை, மனைவி, பிள்ளைகள் எல்லாம் அங்கேயே அமைந்தன. நான் பாதியில் படிப்பை விட்டவள்; அவனிடம் பேச எனக்கு வாய் வராது.

சீனர்கள் இறந்தவர்களைக் கும்பிடும் சிங் மிங் நாட்களில் கல்லறைப் புல்லை வெட்டி, அவித்த கோழியும் ஆரஞ்சும் படைக்க வேண்டும். நாள் கடந்தால் அந்த வருஷம் போனதுதான். பாலத்தில் நெரிசல் என்று லூன் வராமலே இருந்து, கடைசி ஞாயிறு வந்துவிட்டது.

நான் வேலைக்குக் கிளம்பும்போது ஆன்ட்டி வீட்டு மேசையில் கோழி தயாராக இருந்தது. அவர் கைபேசியில் பாலத்து நெரிசலை நேரலையில் காட்டும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்போம்.

"ஆன்ட்டி, நான் லீவு போடுறேன். வாடகைக் காரு புடிச்சுப் போயிட்டு வந்துருவோமா?"

"மவன் இருக்கறப்ப வாடகைக் காரா? அந்தக் கெழவரு எந்திரிச்சு வந்து திட்டுவாரு லா. நீ போ குணா. உன் சூப்பர்வைசர் மூஞ்சி பேய விட மோசம்."

பேரங்காடியின் மேல்மாடியில் சாப்பாட்டு மேசைகளைத் துடைப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை பாதிக் கூட்டம் பாலம் தாண்டி வந்ததாகத்தான் இருக்கும். விலை மலிவென்று கழிவறைத்தாள் வரை இங்கே வாங்கி அடுக்கிக்கொண்டு போவார்கள். மதியம் தூண் ஓரத்து மேசையில் லூனைப் பார்த்தேன். மனைவி, பிள்ளைகள், காலடியில் நிறையப் பைகள். மேசை துடைப்பவளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"பாட்டி வீட்டுக்குப் போறமா, பா?" சின்னவள் கேட்டாள்.

"இப்ப போனா திரும்பறப்ப மாட்டிக்குவோம். கோழிச்சோத்த தின்னு முடி."

நான் அடுத்த மேசைக்கு நகர்ந்தேன்.

சாயங்காலம் திரும்பி ஆன்ட்டி வீட்டுக்குள் போனபோது கோழி அப்படியே இருந்தது. தோல் உலர்ந்து சுருங்கியிருந்தது.

"லூன் காலையிலயே போன் பண்ணிட்டான்," என்றார் ஆன்ட்டி. "வண்டி நகரவே இல்லயாம். பாலத்துக்கு முன்னாடியே திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டானாம்."

"ஆமா ஆன்ட்டி. இன்னிக்கு ரொம்ப நெரிசலாம்."

அவர் கைபேசியை என் பக்கம் நீட்டினார். நம் பக்கம் வரும் பாதை காலியாகக் கிடந்தது. சிங்கப்பூருக்குத் திரும்பும் பாதையில் மட்டும் சிவப்பு விளக்குகள் இடைவெளியே இல்லாமல் நின்றன.

"நம்ம பக்கம் காலையிலயும் இப்படித்தான் கெடந்துச்சு," என்றார்.

பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, திரும்பிப் போகும் வரிசையை ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டே வந்தார். காலையிலேயே வீட்டுக்குப் போனவனை அங்கே தேட வேண்டியதில்லை. ஆனாலும் தேடினார்.

"சின்னதுக்குக் காருல ரொம்ப நேரம் ஒக்காந்தா வாந்தி வரும்," என்றார் படத்தைப் பார்த்தபடியே. "என்னத்தத் தின்னுச்சோ."



"கோழிச்சோறு, ஆன்ட்டி. நல்லாத்தான் சாப்புட்டுச்சு."

அவர் நிமிரவில்லை. வெறுமனே தலையாட்டினார். சன்னலுக்கு வெளியே குன்று முழுவதும் புல் வெட்டியிருந்தது. நடுவில் ஓரிடம் மட்டும் புதராக நின்றது.

"இந்தக் கோழிய நீ எடுத்துட்டுப் போ, குணா," என்றார். "இனிமே யாருக்கு வெக்கிறது."