வரேன்னு சொன்னா வரணும்

வாசலில் யார் வந்து நின்றாலும் அமிர்தம் முதலில் நீட்டுவது ஓர் அலுமினியக் கிண்ணம். கண்ணாடி வளையல், கொலுசு எல்லாம் அதில் விழ வேண்டும். பிறகுதான் உள்ளே விடுவாள். சமூக சேவைப் படிப்பில் களப்பயிற்சிக்காகச் சென்னையிலிருந்து வந்த இரண்டு மாணவிகள், முதல் நாள் குங்குமம் என்று நினைத்து விரலை நீட்டினார்கள்.

“கலகலன்னா அவளுக்கு ஆவாது பாப்பா. கழட்டிப் போடு.”

அவள் என்றது தங்கை கனகத்தை. வயது இருபத்து நான்கு. யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். பேச்சு அபூர்வம். முந்திரிக்கொட்டைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசை வைத்துக்கொண்டே இருப்பாள். நடுவில் ஒன்றை யாராவது எடுத்தால் அன்றைக்கு வீடு இரண்டுபடும். இதற்கு மாணவிகளின் புத்தகத்தில் நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறதாம். அமிர்தம் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள், நாக்கு புரளவில்லை, விட்டுவிட்டாள்.

அமிர்தம் படித்தது மூன்றாம் வகுப்பு. கணவன் சிங்காரவேலு நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளி. குவார்ட்டர்ஸ் சமையலறையில் கீரை ஆய்ந்தபடியே மாணவிகளுக்குப் பாடம் நடத்துவாள். ஒரு தடவை சொல், பத்து எண்ணு, அப்புறம் வாயைத் திற என்பது முதல் பாடம். ஷிப்டு சங்கு ஊதுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே காதோடு போர்த்திக்கொள்ளக் கனகத்தின் கையில் போர்வையைக் கொடு என்பது இரண்டாவது. மாணவிகளில் ஒருத்தியான கஸ்தூரி, பாவம், கனகத்திடம் கத்திப் பேசினாள்.

“அவ செவுடு இல்ல பாப்பா. நீதான் பண்ருட்டி பஸ்ஸுக்கு ஆள் ஏத்தறாப்பல கூவிகினு இருக்க.”

கஸ்தூரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது வாரம் ஒரு நாள், கஸ்தூரி ஒரு கொட்டையைத் தன் வரிசையில் வைக்கக் கனகம் விட்டாள். அமிர்தத்தைத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காத சலுகை அது.

அன்று மத்தியானம்தான் வம்பு வந்தது. கஸ்தூரி கிளம்பிப் போனபின் கனகம் வெளிக்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோற்றுக்கு அசையவில்லை. வெயில் தாழ்ந்தும் அசையவில்லை. பிடித்து இழுத்தால் தலையை முட்டிக்கொள்வாள் என்பது அமிர்தத்துக்குத் தெரியும். என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே வந்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். மந்தாரக்குப்பத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த கஸ்தூரியைச் சிங்காரவேலு சைக்கிளில் போய்க் கூட்டிவந்தான்.

“கெளம்பறப்ப இன்னா சொன்ன பாப்பா?”

“போயிட்டு வரேன்னு சொன்னேன்க்கா.”

“அதான். வரேன்னா வரணும் அவளுக்கு. இத்தினி நாளு நீ அவளுக்கு யாரோ, இன்னிக்கு வரிசையில சேத்துகினா, அதான் பாத்துகினு நிக்கறா. நான் சொல்லித் தரல, தப்பு என்னுதுதான். இப்ப போறேன்னு சொல்லு.”

கஸ்தூரி விழித்தாள். தங்கள் வீட்டில் அந்த வார்த்தையை வாசலில் யாரும் சொல்ல மாட்டார்கள், அபசகுனம் என்றாள். அடுத்த வீட்டுப் பட்டம்மாளும் வேலிக்கு அந்தப்புறமிருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன பேச்சு என்று அதட்டினாள்.

“சகுனம் பாத்தா அவ பட்டினி கெடப்பா” என்றாள் அமிர்தம், அந்தப் பக்கம் திரும்பாமலே.

கஸ்தூரி கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். “கனகம், நான் போறேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வருவேன்.” மனசுக்குள் பத்து எண்ணினாள்.

கனகம் கையை எடுத்தாள். கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். நேரே உள்ளே போய்த் தட்டின் முன் உட்கார்ந்தாள்.

கஸ்தூரி தெருமுனை திரும்பினாள். அமிர்தம் உள்ளே எட்டிப் பார்த்துத் தங்கை சாப்பிடுவதை உறுதி செய்துகொண்டாள். பிறகு தெருவைப் பார்த்து, முந்தானையால் வாயை மறைத்து, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: “போயிட்டு வா.”