ஏழு முதுகுகள்

கிள்ளான் பக்கிரிசாமி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். ஆனால் கறுத்துப்போன குத்துவிளக்கு ஒன்றை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள், மூன்று பட்டம் வாங்கினவனும் வாய் பிளந்து நிற்பான். விளக்குத் துலக்கும் பொடியை அவரே அரைத்து, அவரே டப்பாவில் அடைத்து, மலேசியாவின் சுங்கை வே இரவுச் சந்தையில் அவரே கூவி விற்று முப்பத்தொரு வருடம். ஒருத்தனையும் அவர் பாஸ் என்று கூப்பிட்டதில்லை. சந்தையே அவரைத்தான் அப்படிக் கூப்பிட்டது.

இந்த வருடம் தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது சந்தை போடும் சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். வீட்டு ஹாலில் ஆயிரத்து இருநூறு டப்பா. செமினியிலிருந்து மகள் லோகேஸ்வரி வந்து எட்டிப் பார்த்தாள்.

"போதும்பா. தீபாவளிக்குள்ள இது போகலன்னா வியாபாரத்த மூடிட்டு எங்களோட வந்துடணும். ரூம் ரெடி. கட்டில்கூட வாங்கிட்டேன்."

"போயிட்டா?"

"போயிட்டா நான் வாயே தொறக்க மாட்டேன் லா."

பக்கிரிசாமி சரி என்றார். சொன்ன சொல்லை அவர் மாற்றியதில்லை.

மனைவி வீரம்மா கைப்பேசியில் லைவ் போடத் தெரிந்தவள். ஞாயிறுதோறும் அதில் கூவி விற்பது என்று முடிவானது. முதல் ஞாயிறு பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒன்று லோகேஸ்வரி, இன்னொன்று அடுப்படியில் இருந்த வீரம்மா. அடுத்த ஞாயிறு வீரம்மாவுக்குக் குழம்பு வேலை, அதனால் ஒருவர்.

பக்கிரிசாமி யோசித்தார். சந்தையில் ஆள் வராத நாளில் அவர் என்ன செய்வார்? பக்கத்துக் கடைக்காரர் நாலு பேரைத் தன் மேசை முன்னால் நிறுத்துவார். போகிறவன் நாலு முதுகைப் பார்த்தால் போதும், உள்ளே என்னவோ என்று ஐந்தாவதாக வந்து நிற்பான். இந்த வித்தையை எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்தான்?

மூன்றாம் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அண்டை வீட்டார் ஏழு பேர் ஹாலுக்கு வந்தார்கள். பேருந்து ஓட்டும் கமலநாதன் நீலச் சட்டையில், அலமாரி அகலத்துக்கு, நடுவில் நின்றார். வீரம்மா கைப்பேசியை அவர்களுக்குப் பின்னால் நாற்காலியில் சாய்த்து வைத்தாள். பக்கிரிசாமி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கூவத் தொடங்கினார். கைப்பேசிக்குத் தெரிந்ததெல்லாம் ஏழு முதுகுகள்தான். அது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பத்து நிமிடத்தில் வீரம்மா கைப்பேசி மேல் குனிந்தாள்.

"இங்க பாருங்க, நானூறு பேர் பாக்குறாங்க. என்னென்னமோ எழுதுறாங்க."

"படி."

"'உள்ள என்ன பாஸ் நடக்குது?' 'யாருக்கு என்ன ஆச்சு ஆன்டி?' 'அந்த நீலச் சட்ட அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க லா.'"

கமலநாதன் திரும்பிப் பார்த்தார். "நான் போயிடவா பாஸ்?"

தன்னை மறைக்கும் முதுகுகள்தான் ஆள் சேர்க்கின்றன என்பது பக்கிரிசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. முப்பத்தொரு வருட வியாபார ரத்தம் குபீரென்று தலைக்கேறியது.

"யாராச்சும் நகந்தீங்க, தீபாவளிப் பலகாரம் கிடையாது."

அவர் கறுத்துப்போன குத்துவிளக்கு ஒன்றை எடுத்து அதில் ஒரு பாதியை மட்டும் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க, முன்னால் நின்றவர்கள் தாங்களாகவே "அம்மாடி" என்றார்கள். பார்ப்பவர்கள் அறுநூறு ஆனார்கள். லோகேஸ்வரி வீட்டின் இன்னொரு கைப்பேசிக்குக் கூப்பிட, வீரம்மா அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அப்பாவயே காணோம். எல்லாரையும் ஒதுங்கச் சொல்லு."

"ஒனக்கும் பாக்கணும்போல இருக்கா?" என்றார் பக்கிரிசாமி எட்டி.

"இருக்குப்பா."

ஆயிரம் பேர் ஆனதும் பக்கிரிசாமி கமலநாதனின் தோளைத் தொட்டார். அலமாரி நகர்ந்தது. பாதி கரி, பாதி தங்கமாக விளக்கு நின்றது. வீரம்மாவால் அதன்பிறகு படிக்க முடியவில்லை, எழுத்துகள் அருவி மாதிரி ஓடின. அம்பாங்கிலிருந்து ஆறு டப்பா, பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் ஒருவருக்கு நூறு. புதன்கிழமை கடைசி டப்பாவும் போய் ஹாலில் தரை தெரிந்தது.

அன்று சாயங்காலம் லோகேஸ்வரி அழைத்தாள். சொன்னபடி அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியில் மட்டும் மெல்லக் கேட்டாள்.

"அந்தக் கட்டில வித்துடட்டுமாப்பா?"

"வித்துடு. ரூம மட்டும் விட்டு வை. அடுத்த லோடு டப்பாவ அங்கதான் அடுக்கப்போறேன். அப்புறம், ஒங்க தாமான்ல, அக்கம்பக்கத்து வீடுகள்ல, அகலமான ஆளு யாராச்சும் இருக்காங்களா, பாத்து வை."