உமேய், உமாலி

அப்பா வேலை செய்த சரக்குக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும் எங்கள் ராயபுரம் வீட்டில் ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. எட்டு மாதம் கழித்து வருகிறார். மதியம் இறங்கி, ஐந்து மணிக்கெல்லாம் திரும்பக் கப்பலேறிவிட வேண்டும். எனக்கு அப்போது ஏழு வயது.

வந்தவர் தனியாக வரவில்லை. கூடவே ஒரு பிலிப்பைன்ஸ் மாமா. அந்த நாட்டு மலைப்பக்கத்து இகோரோட்காரர்.

"இவன் பாஷை கப்பல்ல வேற ஒருத்தனுக்கும் தெரியாது. பேச ஆளில்லாம பேஜாரா கீறான்" என்றார் அப்பா.

ஆள்தான் நான் கிடைத்துவிட்டேனே! மாமா சோற்றுத் தட்டைக் காட்டி "மங்ஙன்" என்றார். சாப்பிடு. சொம்பைத் தூக்கி "உமினும்". குடி. "துமுக்டோ" என்றால் உட்கார். அவர் சொன்னால் நான் செய்ய வேண்டும், நான் சொன்னால் அவர். "மசேயெப்!" என்று கத்தினேன். கையில் பிடித்த வஞ்சிர வறுவலோடு மனிதர் அப்படியே தரையில் படுத்துக் குறட்டை விட்டார். தெருப்பிள்ளைகள் மொத்தமும் எங்கள் ஜன்னலில் தொங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இங்க வாம்மா, நைனா கிட்ட வந்து குந்து" என்று அப்பா இரண்டு தரம் கூப்பிட்டார்.

"இரு நைனா, இன்னும் ரெண்டு வார்த்தை கீது!"

அம்மா முறைத்தாள். "வுடு, வெளையாடட்டும்" என்றார் அப்பா.

அந்த இரண்டும் உமேய், உமாலி. போ, வா. படித்து முடிக்கவும் ஆட்டோ வரவும் சரியாக இருந்தது. கிளம்புகிறவரிடம் வெறும் "போ" என்று யாராவது சொல்வார்களா? "உமேய், உமாலி!" என்றேன், போய் வாருங்கள் என்கிற அர்த்தத்தில். அவர் ஊரில் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை போலும். விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்து, விறுவிறுவென்று வாசல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நின்றார். விடுவேனா? மறுபடி சொன்னேன். மறுபடி போய் வந்தார்.

"இன்னா சார், கப்பல வுட்டுடப் போறீங்கோ!" என்று ஆட்டோக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் ஏறினார்.

அப்பா ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "எனுக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"உனுக்குத்தான் அந்த பாஷை தெரியாதே நைனா!"

விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆட்டோ திரும்பியதும் அம்மாவிடம் ஓடி, ஆறு வார்த்தைகளையும் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அப்பாவுக்கென்று கிடைத்த மூன்று மணி நேரத்தில்தான் அத்தனையும் கற்றுக்கொண்டேன் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.