உப்பளத்து வேனும் ஊர்ப்பட்ட மலைகளும்

வாடகை வேன் ஓட்டும் வேலையில் வண்டி ஓட்டுவது கால் பங்குதான்; பின்சீட்டில் உட்கார்ந்தபடியே ஓட்டுகிறவர்களைச் சமாளிப்பது மீதி முக்கால் பங்கு. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் அண்ணன் தம்பிகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

மரக்காணத்தில் மலை கிடையாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். உயரமாக ஏதாவது தெரிந்தால் அது உப்புக் குவியல், இல்லையென்றால் பனைமரம். ஆனால் உப்புப் பாத்தி ஓரமாக நின்று "ஏழுமலை!" என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலு பேர் நிமிர்வார்கள். "அண்ணாமலை!" என்றால் இன்னும் சிலர். பார்க்காத மலையின் பெயரையெல்லாம் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, பிள்ளை பெரியவனானதும் அந்த மலையைப் பார்க்க வேன் பிடிப்பார்கள் எங்கள் ஜனங்கள். அந்த ஏழுமலைகளில் ஒருவனான நான்தான் வேன் ஓட்டினேன்.

வேன் என்னுடையது இல்லை. தனசேகர் என்ற உப்பள முதலாளியுடையது. அதற்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த ரோடு தோசைக்கல் மாதிரி, மேடும் இல்லை பள்ளமும் இல்லை. அதனால் கொண்டை ஊசி வளைவு என்று யாராவது சொன்னாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன். முதலாளி வேலை கொடுத்த அன்றே சொல்லிவிட்டார்: "மலைக்கு ஏத்தத் தெரியாதவன் கையில வண்டியக் குடுக்க மாட்டேன்." நானும் தலையை ஆட்டிவிட்டேன். 2004 மழைக்காலத்திலிருந்து 2006 வரைக்கும் எனக்கு ஒரே கவலைதான். வண்டியோடு ஏற வேண்டிய மலை எதற்கும் ட்ரிப் வந்துவிடக் கூடாது; வந்தால் சாவி கையை விட்டுப் போய்விடும்.

செஞ்சியில் ஒரு குறை

முதல் ட்ரிப் செஞ்சி. நல்ல வேளை, அங்கே வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஆட்கள்தான் ஏற வேண்டும். வந்தவர்கள் எல்லாம் உப்பு சுமக்கும் பெண்கள். அவர்களுக்கு மேஸ்திரி அஞ்சலை அக்கா. குரலை உயர்த்தினால் அடுத்த பாத்தியில் இருக்கிற கொக்கு பறந்துவிடும், அப்படி ஒரு தொண்டை.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் காட்டி, எந்தெந்த ராஜா எப்போது இந்தக் கோட்டையைப் பிடித்தான் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அளந்துகொண்டிருந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. யானை யானையாய் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிற பாறைகளையே எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாரம்தான் மழைக்கு முன்னால் உப்பைக் குவித்து, மேலே ஓலை வேய்ந்து மூடி, இடுப்பு ஒடிந்து வந்திருந்தார்கள். அஞ்சலை அக்கா மலையை மேலும் கீழுமாய்ப் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினாள்.

"இத்தினி கஷ்டப்பட்டு அம்பாரமாக் குவிச்சவனுங்க, மேல நாலு ஓலையப் போட்டு மூடாம வுட்டுட்டானுங்களே, மழையில என்னாத்துக்கு ஆவும்!"

மயிலம் போன அவசரம்

சுனாமி வந்து போன பிறகு கொஞ்ச நாள் எங்கள் ஊரில் யாருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. யாராவது தெருவில் வேகமாக ஓடினால் போதும், பின்னாலேயே ஊர் ஓடும். ஒரு நாள் மத்தியானம் "தண்ணி வருது!" என்று ஒரு குரல். யார் கத்தியது என்று இன்று வரைக்கும் தெரியாது. வேன் நிரம்பிவிட்டது. எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. "மேடா இருக்கிற எடமாப் பாத்து ஓட்டுப்பா" என்று மட்டும் ஒருத்தர் சொன்னார். மேடு என்றால் எங்களுக்குத் தெரிந்த பக்கத்து மேடு மயிலம் முருகன் கோயில் மலைதான். திண்டிவனத்தைத் தாண்டும் வரை நான் பிரேக்கை மிதிக்கவே இல்லை. 

மலையடியில் வண்டியை நிறுத்திய பிறகுதான் யார் யார் எதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். ஒரு பெண் கையில் குழம்புக் கரண்டி. அஞ்சலை அக்கா கையில் உப்பு வாரும் பலகை. அது எப்படி வேனுக்குள் நுழைந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. தண்ணீர் வரவில்லை, புரளிதான் என்று கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எல்லோரும் படியில் உட்கார்ந்தோம். அந்த மலை அன்றைக்கு எனக்கு அம்மா மடி மாதிரி இருந்தது. அஞ்சலை அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். கோபுரத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சோறு போடுற கடல அங்க வச்சுட்டே, உசுரக் காப்பாத்துற மலைய இங்க வச்சுட்டே. ரெண்டையும் ஒரே ஊர்ல வச்சிருந்தா உனுக்கு என்னா முருகா கொறஞ்சு பூடும்?"

காணாமல் போன மலை

ஒரு முறை எங்கள் ஊர் பள்ளிக்கூடத்து சார் ஒருவர் திருவண்ணாமலை ட்ரிப்பில் சேர்ந்துகொண்டார். செஞ்சியைத் தாண்டியதும் எழுந்து வந்து என் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். இதுவெல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலை. அந்தப் பக்கம் ஜவ்வாது மலை, தெற்கே கல்வராயன் மலை, அதற்கும் அப்பால் சேர்வராயன் மலை. எல்லாம் ஒரே வரிசை. மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி இது ஒரே சுவராக நிற்காது. பாலாறும் செய்யாறும் தென்பெண்ணையும் ஊடே புகுந்து அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. சார் நன்றாகத்தான் சொன்னார்.

வேனே ஜன்னல் வழியாக மலையைத் தேடியது. ஒரு குன்று வந்தது. பிறகு கரும்புக்கொல்லை. பிறகு மணிலாக்கொட்டைச் செடி. வெகுதூரம் கழித்து இன்னொரு குன்று. அஞ்சலை அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு சாரிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"ஏன் சார், காண்ட்ராக்ட் எடுத்தவன் பாதி வேலைய முடிச்சு பில்லு வாங்கினு ஓடிட்டானா?"

சூசை அண்ணன் சுற்றிய மலை

அதே ட்ரிப்பில் சூசை அண்ணனும் இருந்தார். ஆரோவில்லில் தோட்ட வேலை செய்கிறவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குத் தவறாதவர். "பக்கத்து வூட்டுக்காரங்க கூப்டாங்க, வந்தேன், வண்டியிலயே குந்திக்கினு இருப்பேன்" என்று சொல்லித்தான் ஏறினார். திருவண்ணாமலையில் மலை மேலே சாமி இல்லை, அந்த மலையேதான் சாமி. அதனால் ஜனங்கள் அதன் மேல் ஏறாமல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி நடக்கிறார்கள் என்று நான் அவருக்கு விளக்கினேன். "அப்டியா" என்றார், அவ்வளவுதான்.

சாயங்காலம் எல்லோரும் நடக்கக் கிளம்பினார்கள். நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டியில் சூசை அண்ணன் இல்லை, செருப்பு மட்டும் இருந்தது. கூட்டத்தோடு போய் ஒரு சுற்று முழுக்கச் சுற்றிவிட்டு, நெற்றியில் வியர்வையும் கையில் பொரிப் பொட்டலமுமாகத் திரும்பி வந்தார். "என்னாண்ணே, ஃபாதருக்குத் தெரிஞ்சா?" என்று சீண்டினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் மலையத்தான்டா சுத்துனேன். அதுக்குள்ள சாமி போயி குந்திக்கினா அதுக்கு நானா பொறுப்பு?"

கடைசியில் வந்தே விட்டது

2006-இல் உப்பு சீசன் முடிந்ததும், முதலாளிக்கு எங்கிருந்தோ தாராள மனசு வந்துவிட்டது. வேலை செய்கிறவர்களை எல்லாம் ஜவ்வாது மலைக்குக் கூட்டிப் போகிறாராம். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர். மேலே சாமையும் தேனும் கிடைக்குமாம், பகலிலேயே குளிருமாம். "நானும் வர்றேன். இந்த ஏழுமலை எப்டி ஏத்துறான்னு பாக்கணும்" என்று என் காது படவே சொன்னார். இரண்டு வருஷம் தப்பித்தாயிற்று, இனிமேல் சாவி போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வளைவிலேயே தப்பான கியரைப் போட்டேன். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. முதலாளி கடைசி சீட்டில் இருந்தார், அவரிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. அந்த மௌனம்தான் பள்ளத்தைவிடப் பயமாக இருந்தது. வண்டி திணறுவதைப் பார்த்த அஞ்சலை அக்கா, "லாரி மேடு ஏறறப்ப பாரம் முன்னாடி இருக்கணும், எல்லாம் முன்னால வாங்கடி!" என்று உத்தரவு போட்டாள். அத்தனை பேரும் என் மேல் வந்து விழுந்தார்கள். கியரைப் போட இடமில்லை. வண்டி அணைந்தே போய்விட்டது.

"அக்கா, என்னால முடியாது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். அக்கா என் மூஞ்சியைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்காமல் பெண்களை எல்லாம் இறக்கினாள். அவர்கள் ரோட்டில் எப்படி நடப்பார்கள்? பாத்தி வரப்பில் நடக்கிற மாதிரிதான், மலையை ஒட்டி ஒருத்தி பின்னால் ஒருத்தியாக. "டேய், பள்ளத்தப் பாக்காத. என் முதுகப் பாத்துக்கினே வா" என்று வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். நான் அந்த ஊதாப் புடவையை மட்டும் பார்த்துக்கொண்டு, முதல் கியரில், வளைவு வளைவாக ஊர்ந்தேன். பின்னால் வந்த பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, "ஏம்பா, வண்டி ரிப்பேரா, இல்ல சாமி ஊர்வலமா?" என்று கேட்டான். நான் புடவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேலே சமதளம் வந்து, வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. முதலாளி கேட்பதற்கு முன்னால் நானே கொடுத்துவிடலாம் என்று சாவியை உருவிக்கொண்டு பின்னால் போனேன். அவர் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "முதலாளி, வந்துட்டோம்" என்றேன். துண்டை மெதுவாக விலக்கி, ஒரு கண்ணைத் திறந்து, வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு நான் நீட்டிய சாவியை என் கையிலேயே வைத்து அழுத்தினார்.

"மொத வளைவுலயே கண்ண மூடிட்டேன்டா, நீ எப்டி ஏத்துனேன்னு எனுக்கு எங்க தெரியும்? வண்டிய நீயே வச்சிக்க, எந்த மலைக்கு வேணாலும் போ, எறங்கறப்ப மட்டும் என்னைப் பஸ்ஸுல ஏத்தி வுட்டுடு!"

ஆக, என்னைச் சோதிக்க வந்தவர் கண்ணை மூடிக்கொண்டே பாஸ் போட்டுவிட்டார். வேலை தங்கியது எனக்கு மலை ஏறத் தெரிந்ததால் அல்ல, வேனுக்குள் பயந்து கிடந்த இரண்டு பேரில் ஸ்டியரிங் என் கையில் இருந்ததால்.