பெருத்துப்போன கேஜ்

தருமபுரிக்கு வெளியே வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் டூல் ரூம் என் பொறுப்பு. பாகத்தின் துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எஃகில் உருளையாக ஒரு கேஜ் செய்து கொடுத்திருந்தேன். அது துளைக்குள் வழுக்கிக்கொண்டு போனால் பாகம் தேறும். போகாவிட்டால் கழிக்க வேண்டியதுதான்.

பரிசோதனை மேசையில் அரூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண் இருந்தாள். கேஜ் கொடுத்து ஆறேழு மாதம் கழித்து, அவள் கழிக்கும் பாகங்கள் நாளுக்கு நாள் கூடின. மெஷின்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவளுக்குக் கேஜை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை என்றார் மேனேஜர்.

அவள் என்னிடம் வந்தாள். "கேஜ் பூர மாட்டேங்குதுங்கண்ணா. ஒருக்கா அளந்து பாருங்க."

நான் செய்த கேஜ் மாறாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஒரு வாரத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அவள் இடத்துக்கு வந்தவரும் அதையே சொன்னபோதுதான் அளந்தேன். கேஜ் எட்டு மைக்ரான் பெருத்திருந்தது; நல்ல பாகத்துக்குள்ளும் போகாமலிருக்க அது போதும். காரணம் எனக்கு உடனே தெரிந்தது. காய்ச்சிக் குளிர்வித்த எஃகுக்குள் கொஞ்சம் பகுதி கடினமாக மாறாமல் தங்கிவிடும். பிறகு அது மெல்ல மெல்ல மாறும்போது எஃகு பெருக்கும். அப்படி ஆகாமலிருக்கத்தான் இரண்டு முறை டெம்பரிங், அதாவது மிதமான சூட்டில் வைத்து ஆற்றுவது. வேறு அவசர வேலைக்கு உலை வேண்டியிருந்ததால் நான் ஒரு முறையோடு எடுத்துவிட்டேன். செய்தபோது அளவு அச்சாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புதிதாக ஒன்று செய்யுங்கள், அந்தப் பேச்சை விடுங்கள் என்றார். விட முடியவில்லை. பேக்கிங்கில் விசாரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அரூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் அவள் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையது, கேஜ்தான் பெருத்திருந்தது என்றேன்.

மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் தப்பா புடிச்சேனோன்னு வூட்டுல பேனாவ வச்சுப் புடிச்சுப் புடிச்சுப் பாத்தனுங்கண்ணா," என்றாள்.

மேனேஜரிடம் பேசி வேலைக்குத் திரும்பக் கூப்பிடச் செய்கிறேன் என்றதற்கு வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, வந்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனாள். அவள் திரும்புவாள் என்று கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். பிறகு வெளியே வந்துவிட்டேன்.