கணக்கப்பிள்ளை ரத்தம் கொடுத்த வரலாறு

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, ஊசிக்கல்லுத் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாகி, இருபத்தாறு வருடம் தராசில் தேயிலைக் கொழுந்து நிறுத்த பெருமகனார் கணேசமூர்த்தியின் வாழ்க்கை வரலாற்றை இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதிலும் அவர் இரண்டு கிலோ கழித்துத்தான் அச்சிட்டிருப்பார்.

அந்த இரண்டு கிலோவை முதலில் சொல்லிவிட வேண்டும். கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் பெண்கள் வரிசையாக வந்து சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் இருபது காட்டினால் கணேசமூர்த்தி பதினெட்டு என்று எழுதுவார். ஒரு கிலோ சாக்குக்கு, ஒரு கிலோ தண்ணிக்கு. மழை நாளில் இலையில் ஈரம் இருக்கும், சரி. வெயில் காய்கிற மாசி மாதத்திலும் தண்ணிக்குக் கழிப்பார். ஏன் என்று கேட்டால், "நீங்க வேர்க்கலியா? அந்த வேர்வை எங்க போகுது, எலைக்குத்தானே?" என்பார். இதற்கு மேல் கேட்டால் ஒரே பதில்: "ரூல்ஸ் ரூல்ஸ்தான்."

இந்த ரூல்ஸ் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரைக்கும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு கிலோவால் நாளுக்குரிய எடை குறைந்து, முழுநாள் சம்பளம் அரை நாளாகிப் போனவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர். அவர்களில் மூத்தவள் வீரம்மா. ஐம்பது வயது, கனத்த உடம்பு, மூன்றாம் நம்பர் மலையில் பேசினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல். அவள் ஒருநாள் சாக்கைக் கொக்கியிலிருந்து இறக்கிக்கொண்டே சொன்னாள்:

"இந்த மனுசனப் புழிஞ்சு பாத்தா ஒரு சொட்டு ரத்தம் வராதுடி. எங்ககிட்ட கழிச்ச தண்ணிதான் வரும்."

மடுவமே சிரித்தது. கணேசமூர்த்தி பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். அடுத்த ஆள் சாக்கை மாட்டினாள். பத்தொன்பது. பதினேழு என்று எழுதினார். ஆனால் அந்தப் பேச்சு அவரை விடவில்லை. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு லயம் போனது, கோயிலுக்குப் போனது, கடைசியில் சின்னத் தொரையின் சமையல்காரன் வரைக்கும் போனது. "என்ன கணக்கப்பிள்ள, ஒடம்பு எப்படி, தண்ணி மட்டம் ஏறுதா?" என்று அவன்கூட விசாரித்தான். ஒரு மனிதனுக்கு ரத்தம் இருக்கிறது என்பதை ஊருக்கு நிரூபிக்க எத்தனை வழி உண்டு? சண்டை போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளலாம். அது அவருடைய பதவிக்கு அழகல்ல.

அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டப் பாடசாலையில் இரத்ததான முகாம் என்று பத்திநாதன் மாஸ்டர் அறிவித்தார்.

மாஸ்டர் லயம் லயமாகப் போய்ப் பெயர் எழுதினார். மனிதர்கள் ஏன் ரத்தம் கொடுக்கிறார்கள் என்று ஆராய விரும்புகிறவர்கள் அவருடைய கொப்பியைப் பார்த்தால் போதும். த்ரீவீல் ஓட்டுகிற ஜீவராஜுக்கு லைசன்ஸில் எழுத ரத்த வகை தெரிய வேண்டியிருந்தது. ஒருவன் உடம்புச் சூடு குறையும் என்று வந்தான். இன்னொருவன் படுத்திருக்கிற படத்தை ஃபேஸ்புக்கில் போட வேண்டும், அதற்கு எந்தப் பக்கம் தலை வைத்தால் நன்றாக விழும் என்று முன்கூட்டியே கேட்டான். பிஸ்கட் எந்த வகை என்று விசாரித்தவர்களை மாஸ்டர் கணக்கில் சேர்க்கவில்லை. "மனித உயிர் காக்க" என்று சொன்னவர் ஒரே ஒருவர், அவரும் மாஸ்டர்தான்.

கணேசமூர்த்தி தானாகவே மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

"மொதப் பேரு என்னோடதா இருக்கணும் மாஸ்டர்."

"தாராளமா. ஆனா ஊசின்னா ஒங்களுக்கு..."

"அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு? பேனர்ல பேரு வருமா?"

வந்தது. பேர் மட்டுமல்ல, அடையாள அட்டைப் படத்தைப் பெருக்கி, மூன்று அடி உயரத்துக்கு முகமும் வந்தது. கீழே சிவப்பு எழுத்தில் "முதற் கொடையாளர்". பாடசாலை வேலியில் கட்டிய அந்தப் பேனரை வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். வீரம்மா மட்டும் நிற்கவில்லை. "மொதல்ல குடுக்கட்டும், பொறகு பாப்போம்" என்று நடந்தாள்.

வீட்டில் மனைவி பூரணி ஒரு சந்தேகம் எழுப்பினாள்.

"என்னங்க, அம்பது கிலோ இருந்தாத்தான் எடுப்பாங்களாம். நீங்க எத்தன கிலோ?"

இருபத்தாறு வருடமாக ஊரிலுள்ள சாக்கெல்லாம் நிறுத்த மனிதர், தன்னை ஒருநாளும் நிறுத்ததில்லை. மறுநாள் ஆளில்லாத மத்தியான வேளையில் மனைவியை மடுவத்துக்குக் கூட்டிப்போனார். கொழுந்துச் சாக்கு ஒன்றைக் கொக்கியில் மாட்டி, கோட்டும் காலில் சப்பாத்துமாக அதற்குள் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு தொங்கினார். உள்ளே இருப்பவருக்கு முள் தெரியாது.

"எவ்வளவு காட்டுது?"

"ஆடாதீங்க. அம்பத்திரண்டு."

"பாத்தியா!"

"சாக்குக்குக் கழிக்க வேணாமா?"

கொக்கியில் சாக்கு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"அது கொழுந்துக்குத்தான்டி," என்றது சாக்கு.

முகாம் நாள் வந்தது. பாடசாலை மண்டபத்தில் நான்கு கட்டில், ஒரு மேசை, ஒரு தராசு. மலை ஏறி வந்த ஆஸ்பத்திரி வேனில் ஒரு டாக்டரும் பிரியந்தி என்ற நர்ஸும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். கணேசமூர்த்தி கம்பளிக் கோட்டு, உள்ளே ஜேர்சி, அதற்குள்ளே இன்னொரு ஜேர்சி, முழங்கால் வரைக்கும் சப்பாத்து, இடுப்பில் மடுவத்துச் சாவிக்கொத்து என்று கல்யாண மாப்பிள்ளையைப் போல வரிசையின் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் வீரம்மா. அவளுக்குப் பின்னால் கொழுந்து மலையே வந்து நின்றது. பாதிப் பேர் ரத்தம் கொடுக்க, மீதிப் பேர் பார்க்க.

தராசில் ஏறினார். ஐம்பத்தொன்றரை. திரும்பி வரிசையைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

"கோட்ட கழட்டுங்க ஐயா," என்றாள் நர்ஸ்.

"எதுக்கு மிஸ்?"

"கோட்டா ரத்தம் குடுக்கப் போகுது? கழட்டுங்க. சப்பாத்தும். அந்தச் சாவியும் இங்க வைங்க."

கோட்டு போனது. சப்பாத்து போனது. வெளி ஜேர்சி போனது. ஒவ்வொன்றாகப் போகப் போக வரிசை தராசை நெருங்கி வந்தது. முள்ளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

"நாப்பத்தெட்டரை," என்றாள் நர்ஸ். "அம்பது வேணும் ஐயா. எடுக்க ஏலாது."

"மிஸ், இப்பத்தானே அம்பத்தொண்ணரை சொன்னீங்க?"

"துணிமணிக்குக் கழிக்கணும்ல?"

வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். வீரம்மா முன்னால் வந்தாள். நான் பொய் எழுதவில்லை, அவள் முகத்தில் அவ்வளவு இரக்கம் இருந்தது.

"மிஸ், பாவம் மிஸ் அவரு. ஒண்ணரை கிலோதானே. பாத்துப் போட்டுக்குங்க. பேனரெல்லாம் அடிச்சிருக்காங்க."

"அப்படியெல்லாம் செய்ய முடியாதும்மா. ரூல்ஸ் ரூல்ஸ்தான்."

அந்த வாக்கியத்தைக் கணேசமூர்த்தி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். எதிரே நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் இருபத்தாறு வருட அனுபவம் சும்மா போகுமா? எடை எப்படிக் குறைகிறது என்று தெரிந்தவருக்கு எப்படிக் கூடுகிறது என்றும் தெரியும். "ஒரு நிமிசம் மிஸ்" என்று வெளியே போனார். பாடசாலைப் பைப்படியில் மாணவர்கள் தண்ணீர் குடிக்கிற சிவப்புக் கோப்பையை எடுத்தார். ஏழு கோப்பை. எட்டாவது பாதி உள்ளே போனது, பாதி ஜேர்சியில் போனது. நடக்கும்போது வயிற்றுக்குள் சலசலவென்று சத்தம் கேட்க, மெதுவாக, தளும்பாமல் வந்து தராசில் ஏறினார்.

ஐம்பது. சரியாக ஐம்பது.

நர்ஸ் அவருடைய வாயைப் பார்த்தாள், நனைந்த மார்பைப் பார்த்தாள்.

"என்ன குடிச்சீங்க?"

கணேசமூர்த்தி பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல. ஆனால் அந்த இடத்தில் வரவில்லை. "தண்ணி," என்றார்.

"தண்ணிக்குக் கழிங்க மிஸ்!" என்றாள் வீரம்மா.

மண்டபம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு. கட்டிலில் ஊசியோடு படுத்திருந்த ஜீவராஜ்கூடக் குலுங்கினான். "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். என்ன நடக்கிறதென்று புரியாத டாக்டர், யாருக்கோ மயக்கம் என்று நினைத்து எழுந்து வந்தார்.

கழிக்கப்பட்டவர்களுக்கென்று மண்டபத்தின் ஓரத்தில் உட்கார ஒரு நீள வாங்கு போட்டிருந்தார்கள். ரத்தத்தில் சத்து இருக்கிறதா என்று பார்க்க, விரலில் ஒரு சொட்டு எடுத்து நீலத் தண்ணீரில் விடுவார்கள். சொட்டு மூழ்கினால் கட்டிலுக்குப் போகலாம், மிதந்தால் இரும்புச் சத்து மாத்திரையோடு இந்த வாங்குக்கு வர வேண்டும். ஊசிக்கல்லுத் தோட்டத்துப் பெண்களின் ரத்தம் நன்றாக மிதந்தது. கம்பெனியின் தேயிலை கடுஞ்சாயத்துக்குப் பேர் போனது. அதைப் பறிக்கிறவர்களின் ரத்தம் அவ்வளவு சாயம் இல்லை என்று டாக்டர் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டார். கணேசமூர்த்தி வாங்கின் கடைசியில், பதினொரு பெண்களுக்குப் பக்கத்தில், கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு மாத்திரைப் பட்டை கிடைத்தது.

வீரம்மாவின் சொட்டு கல்லைப் போல மூழ்கியது. அவள் கட்டிலில் ஏறிக் காலை நீட்டிக் கண்ணை மூடினாள். முடிந்து வந்து, இனிப்புத் தேத்தண்ணியோடு வாங்கில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எத்தனாவது தடவ?" என்று கேட்டார், தரையைப் பார்த்து.

"ஏழு."

"என்னத்துக்குக் குடுக்கிற?"

"பட்டப்பகல்ல காலை நீட்டிப் படுத்திருக்கேன், ஒருத்தரும் வந்து ஏன் படுத்திருக்கேன்னு கேக்கல. இந்தத் தோட்டத்துல வேற எங்கங்கையா அப்படி நடக்கும்?"

கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஊதினாள்.

"மகளுக்கு நாலு பை ஏத்துனாங்க, புள்ளப் பொறந்தப்ப. யாரு குடுத்ததுன்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டாங்க. யாருன்னு தெரிஞ்சா போயி ஒரு வார்த்த சொல்லலாம். தெரியாதப்ப என்ன செய்றது? நானும் யாருக்கோ குடுத்துட்டுப் போறேன்." எழுந்தாள். "நீங்க நல்லா சாப்புடுங்கையா."

பேனரை யாரும் கழற்றவில்லை. மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, மூன்றாம் மாதம் யாரோ எடுத்துப்போய்க் கோழிக்கூட்டுக்கு மேலே விரித்தார்கள். முதற் கொடையாளரின் முகத்தில் சேவல் ஏறி நின்று கூவியது. கணேசமூர்த்தி அந்த வழியாகப் போவதை நிறுத்தினார். ஆனால் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. காலையில் ரொட்டி மூன்று, மத்தியானம் சோறு இரண்டு தட்டு, கருவாடு, இரவில் பூரணி காய்ச்சிய உளுந்தங்கஞ்சி. "ரத்தம் குடுக்கிறதுக்கு முன்னுக்கு எங்க ரத்தத்த குடிச்சிருவாரு போல" என்று பூரணி பக்கத்து வீட்டில் சொன்னாள்.

நான்காம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். தராசுக்கு முன்னால், யாரும் கேட்காமலே கோட்டைக் கழற்றினார். சப்பாத்தைக் கழற்றினார். ஐம்பத்தொன்று. சொட்டு மூழ்கியது. ஊசி குத்தும்போது மட்டும் சுவரைப் பார்த்தார். பிறகு திரும்பினால், கட்டிலுக்குக் கீழே ஒரு சின்ன மெஷின். அதன் மேல் அவருடைய ரத்தம் ஒரு பையில் ஆடி ஆடி நிறைந்துகொண்டிருந்தது. மெஷினில் எண் ஏறியது. அது தராசு என்று அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"மிஸ், பைக்குக் கழிக்கிறதில்லையா?"

"அத மெஷினே பாத்துக்கும் ஐயா. பையோட எடை எவ்வளவோ அவ்வளவுதான் கழிக்கும்."

"தண்ணிக்கு?"

நர்ஸ் அவருக்குத் தலைசுற்றுகிறது என்று நினைத்துக் கால் பக்கத்தை உயர்த்தினாள்.

திங்கட்கிழமை தூறல். குளிர். அப்படியிருந்தும் கணேசமூர்த்தி மடுவத்தில் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் மடித்துவிட்டு நின்றார். முழங்கை மடிப்பில் வெள்ளைப் பிளாஸ்டர். முதல் நான்கு பேர் கவனிக்கவில்லை. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். ஐந்தாவது ஆள் வீரம்மா.

"என்னங்கையா கையில, அட்ட கடிச்சிச்சா?"

"ரத்தம் குடுத்தேன்."

"யாருக்கு?"

"யாருக்குன்னு தெரியாது," என்றார்.

வீரம்மா சாக்கைக் கீழே வைத்தாள். "எங்க, காட்டுங்க."

பிளாஸ்டரை உரித்தார். மங்கிய கொழுந்தைப் பிரித்துப் பார்ப்பது போல வீரம்மா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஊசித் துளையைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கன்றல். பின்னாலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ரத்தம் இருக்குடி," என்று வரிசைக்கு அறிவித்தாள். "கொஞ்சூண்டுதான். ஆனா இருக்கு."

அவருடைய வாழ்நாளில் கிடைத்த ஒரே பட்டம் அது. அதை அவர் நிமிர்ந்து நின்று ஏற்றுக்கொண்டார். பிறகு அவளுடைய சாக்கை மாட்டச் சொன்னார். முள் இருபத்தொன்று காட்டியது. தூறலில் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருபது என்று எழுதினார். அவளுக்குப் பின்னால் வந்த எல்லாருக்கும் அன்றைக்கு ஒரு கிலோதான் கழிந்தது.

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். பழையபடி இரண்டு.

வீரம்மா சண்டை போடவில்லை. சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அக்கறையாக விசாரித்தாள்.

"அடுத்த தடவ எப்பங்கையா குடுப்பீங்க?"

"நாலு மாசம் போகணும்."

"நாலு மாசமா?" அவளுக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. "கெழமைக்கு ஒருக்கா எடுக்க மாட்டாங்களா?"